கறையக்கா வாங்கிய பத்து எண்கள்

கறையக்கா என்று கேட்டால் அந்த மருத்துவமனையில் தெரியாதவர் கிடையாது. பெரிய அறுவைச் சிகிச்சை டாக்டர் ஒருவரே ஒருமுறை வெள்ளைக் கோட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு லிஃப்டில் அடித்தளத்துக்கு இறங்கி வந்து, சலவைக்கூட வாசலில் நின்று, "இங்க கறையக்கான்னு ஒருத்தங்க..." என்று இழுத்திருக்கிறார். அவள் கோட்டை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். முகர்ந்தாள். "ஜெல் பேனாவா, பால்பாயிண்டா?" என்றாள். டாக்டர் விழித்தார். "ஆளோட வயித்துக்குள்ள எது எங்க இருக்குன்னு தெரியுது, சொந்தப் பையில என்ன பேனா இருக்குன்னு தெரியலையே சார்" என்றபடி பஞ்சை எடுத்துக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டாள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

இருபத்து மூன்று வருடமாக அதே கூடம். நான்கு பெரிய மெஷின்கள், இரண்டு உலர்த்திகள், நாளெல்லாம் நிற்காத இரைச்சல். வார்டு வார்டாகத் துணி மூட்டைகள் சரிவில் வழுக்கிக்கொண்டு வந்து விழும். ரத்தம், அயோடின், ஊதா மருந்து, துரு, குழந்தை வார்டிலிருந்து கலர் பென்சில். உட்கார்ந்து செய்யும் வேலை என்று அவள் வாழ்க்கையில் ஒன்று இருந்ததில்லை. வீட்டிலும் அப்படித்தான். சாப்பிடும்போதுகூட ஒரு காலை மடக்கி நாற்காலி நுனியில் வைத்திருப்பாள், யாரோ கூப்பிட்டால் ஓடத் தயாராக இருப்பவள் மாதிரி.

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ரத்தக்கறையைச் சுடுதண்ணீரில் போட்டுத் துணியோடு சேர்த்து அதை வேகவைத்தார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், பழைய எண்ணிக்கைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். ஈரத்தில் அவை உதிர்ந்தன. நோட்டில் எழுதினாள். நோட்டு இரண்டாகி, மூன்றாகியது. அதைத்தான் மேட்ரன் அம்மா ஒருநாள் புரட்டிப் பார்த்தார். வார்டு நர்ஸுகளுக்கெல்லாம் தலைவி அவர். சும்மா ஒருவரைப் பாராட்டும் வழக்கம் இல்லாதவர்.

"இதை ஏன் இப்படி மூட்டைக்குள்ள வச்சிருக்கே? புத்தகமாப் போடு. நம்ம நாலு ஆஸ்பத்திரிக்கும் எண்பது காப்பி எடுக்கச் சொல்றேன். மாசக் கடைசிக்குள்ள பில்லு வரணும். அப்புறம் இந்த வருஷப் பயிற்சிப் பணம் திரும்பிப் போயிடும்."

அன்றிலிருந்துதான் கறையக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மொபைல் கடையில் வேலை பார்க்கும் மகள், நோட்டுகளைக் கணினியில் ஏற்றினாள். நூற்று நாற்பது கறை. பெயர், 'எந்தக் கறைக்கு எது'. அச்சகக்காரர் அட்டை மாதிரி அனுப்பினார். பின்னட்டையின் கீழ் மூலையில் வெள்ளையாக ஒரு பெட்டி, உள்ளே ஒன்றுமில்லை. அதே வெற்றிடம் ஆஸ்பத்திரியின் கொள்முதல் படிவத்திலும் இருந்தது. ஆறாவது பத்தி: புத்தக எண். அதை நிரப்பாத பில்லைக் கம்ப்யூட்டரே வாங்காது என்று கொள்முதல் பிரிவில் சொல்லிவிட்டார்கள்.

"அது என்னடி நம்பர்? எனக்குத்தான் பக்க நம்பர் எல்லாம் போட்டாச்சே."

"ஐ.எஸ்.பி.என். அம்மா. உலகத்துல ஒவ்வொரு புக்குக்கும் ஒண்ணு. ஆன்லைன்ல வாங்கணும்." போனில் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போன மகள் சட்டென்று நிறுத்தினாள். "அய்யய்யோ."

ஒற்றை எண்ணுக்கு அவளுடைய அரை மாதச் சம்பளம். பத்தாக எடுத்தால் ஒரு மாதச் சம்பளமும் அதற்கு மேல் கொஞ்சமும். நூறாக எடுத்தால் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டிச் சற்று. எண்ணுக்கு மேலே போடும் பார்கோடு படத்துக்குத் தனியாக ஒரு தொகை.

லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் கை துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார். "இதென்ன அநியாயம்? ஒரு சட்டை தைக்கணும்னு போனா, நூறு சட்டையாத் தைச்சுக்க, மலிவா முடியும்ங்கறான். பதிமூணு எழுத்து நம்பர்தானே? நானே எழுதித் தர்றேன், கூட ரெண்டு எழுத்து சேர்த்து."

"உங்க நம்பரைப் போட்டா லிஃப்டுதாங்க வரும், பில்லு வராது."

அச்சகக்காரரிடம் ஒரு வழி இருந்தது. அவரிடம் நூறு எண் வாங்கி வைத்திருந்தார். சும்மாவே ஒன்று தருகிறேன் என்றார். "ஆனா பதிப்பாளர்ங்கிற இடத்துல என் அச்சகம் பேர் வரும்மா. எழுதினது நீங்கன்னு உள்ள இருக்கும். கவலைப்படாதீங்க."

அதைத்தான் அவளால் ஜீரணிக்க முடியவில்லை. அயோடின் கறைக்கு ஹைப்போ கரைசல் என்று அந்தக் கூடத்தில் கண்டுபிடித்தவள் அவள். அதற்காக ஆஸ்பத்திரி விழாவில் மேடையேறிச் சுவர்க் கடிகாரம் வாங்கியவர் அப்போதிருந்த சூப்பர்வைசர். அவள் கீழே நின்று கை தட்டினாள், அதுவும் பலமாக. "வேணாம் சார், என் பேர்லயே வாங்கிக்கறேன்" என்று திரும்பிவிட்டாள். வெளியே வந்த பிறகுதான் விலை ஞாபகம் வந்தது.

ஒன்று வாங்குவதா, பத்து வாங்குவதா? சலவைக்கூடத்தில் அரை மெஷினை யாராவது ஓட்டினால் அவளுக்குக் கோபம் வந்துவிடும். தண்ணீர் அதேதான், சோப்பு அதேதான், கரண்ட் அதேதான், பாதி வயிற்றோடு ஓட்டுவார்களா? இரண்டாம் மாடித் துணியும் நான்காம் மாடித் துணியும் சேர்ந்தே வேகட்டும், ஓரத்தில் தைத்த நாடாவில் வார்டுக் குறி இருக்கிறது, வெளியே வந்ததும் அதது அதன் வீட்டுக்குப் போய்விடும். இந்த எண்ணும் அதைப்போல ஒரு குறிதானே என்று அவளுக்குப் பட்டது. பட்டதுமே மனசு லேசாகிவிட்டது. அங்கேதான் தப்பு நடந்தது. ஆனால் அதைத் தப்பென்று அன்று யாரும் சொல்லவில்லை.

நூலக மாடியில் சனிக்கிழமைதோறும் எழுதுகிறவர்கள், அவளையும் சேர்த்து ஐந்து பேர், கூடுவார்கள். மகள் வற்புறுத்தி அனுப்பித்தான் அவளும் போக ஆரம்பித்திருந்தாள். மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து ஓய்வுபெற்றவர் ஒருவர். மீட்டர்காரர் என்றே பெயர். முடிதிருத்துகிறவர் ஒருவர் கவிதை எழுதினார். மழலையர் பள்ளி டீச்சர் ஒருத்தி கதை எழுதினாள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் எட்டு வருடமாக ஒரே நாவலின் முதல் அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"ஆளுக்கு ரெண்டு நம்பர். அஞ்சு பேருமாப் போட்டா ஒத்தை நம்பர்ல பாதி விலைகூட ஆகாது" என்றாள் கறையக்கா, நின்றுகொண்டே.

"எனக்கு எதுக்கு ரெண்டு?" என்றார் தபால்காரர். "ஒண்ணுக்கே ஆயுசு போதுமான்னு தெரியல."

"எனக்கு ரெண்டும் வேணும்" என்றார் மீட்டர்காரர். "ரெண்டாம் பாகம் மண்டைக்குள்ள ரெடி, தங்கச்சி."

முடிதிருத்துகிறவர் மட்டும் யோசித்தார். "கவிதைக்கு நம்பர் போட்டா கைதி மாதிரி இருக்காதா அக்கா?"

"நம்பர் இல்லாட்டி கடைக்காரன் உள்ளயே விடமாட்டான் தம்பி. வெளிய நிக்கறதுக்கு உள்ள இருக்கலாம்."

பணம் சேர்ந்தது. படிவத்தில் 'பதிப்பாளர் பெயர்' என்று ஒரே ஒரு கோடு இருந்தது. ஐந்து பெயர் எழுத இடமில்லை. வாங்குவது யாரோ அவர் பெயர்தானே என்று மகள் அம்மாவின் பெயரைப் போட்டாள். மறுநாள் எண்கள் மின்னஞ்சலில் வந்தன, கூடவே பதினொரு பக்கத்தில் விதிமுறை. விதிமுறையை யார் படிக்கிறார்கள்? கறையக்கா வெள்ளை நாடாவைத் துண்டு துண்டாக வெட்டி, துவைத்தாலும் போகாத குறி மையால் துண்டுக்கு ஓர் எண்ணாக எழுதி, சனிக்கிழமை ஆளுக்கு இரண்டாகக் கொடுத்தாள். கவிஞர் தன் நாடாக்களைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

எண்பது புத்தகமும் இருபதாம் தேதி நான்கு அட்டைப் பெட்டிகளில் வந்து சேர்ந்தது. நடையில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியதில், வீட்டில் யார் எங்கே போவதானாலும் பக்கவாட்டில் நண்டு மாதிரி நடக்க வேண்டியதாயிற்று. படிவத்தை நிரப்பிக் கொடுத்தாள். இருபத்து மூன்றாம் தேதி பதில் இல்லை. இருபத்து நான்கு, இல்லை. குட்டி போட்ட பூனை மாதிரி அவள் சலவைக்கூடத்துக்கும் மேட்ரன் அறைக்குமாக ஏறி இறங்கினாள். வீட்டில் நேற்றுத் துவைத்த திரைச்சீலைகளைக் கழற்றி மறுபடி ஊறப்போட்டாள்.

"அதுங்க என்ன பாவம் பண்ணிச்சு?" என்றார் கணவர்.

இருபத்தைந்தாம் தேதி காலையில் கொள்முதல் அதிகாரி கூப்பிட்டனுப்பினார்.

ஐந்தாம் மாடியில் ஏசி போட்ட அறை. அதிகாரி ஐம்பதை நெருங்குகிறவர். மரியாதையான மனிதர்.

"உக்காருங்கம்மா."

"பரவால்ல சார், பழக்கமில்ல."

அவர் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். எண்ணைத் தட்டினால் புத்தகம் வருகிறது. புத்தகத்தின் கீழே அவளுடைய முழுப் பெயர், பதிப்பாளர் என்று. பார்த்ததும் உடம்பு சிலிர்த்தது. அதன் கீழே இன்னொரு வரி: இதே பதிப்பாளரின் பிற நூல்கள், ஒன்று. 'வீட்டு வாசலில் ஒரு நிமிடம்'. மீட்டர் பார்த்த நாட்களைப் பற்றி மீட்டர்காரர் எழுதியது. மனிதர் அதற்குள் முந்நூறு காப்பி அடித்து இணையக் கடையிலும் ஏற்றிவிட்டிருந்தார்.

"இதுவும் உங்க பதிப்புதானே?"

"இல்ல சார், அது மீட்டர் அண்ணன் எழுதினது."

"எழுதினது யாருன்னு கேக்கல. போட்டது நீங்கதானே?" இணையக் கடையில் மாதிரிக்கு வைத்திருந்த பக்கங்களில் ஒன்றைத் திறந்தார். "அறுபத்தோராம் பக்கம். படிங்க."

படித்தாள். கிழக்குச் சரிவில் நீலக் கேட் போட்ட மாடி வீடு. மீட்டருக்குப் பின்னால் தலைமுடி கனத்துக்கு ஒரு கம்பி. எல்லா விளக்கும் எரிய, மீட்டர் மட்டும் தூங்கிக்கொண்டிருக்கிறது. அதோடு பக்கம் முடிந்தது.

"அது எங்க அப்பா வீடு" என்றார் அதிகாரி. குரல் உயரவில்லை. "அவர் இப்ப இல்ல. அவரைத் திருடன்னு எழுதிவச்ச ஆளுகிட்ட நான் எப்படி வாங்கறது, சொல்லுங்க?"

கறையக்கா அந்தப் பக்கத்தை இன்னொருமுறை மேலிருந்து கீழே பார்த்தாள். "பேரே இல்லையே சார் இதுல."

"எனக்குத் தெரியுதில்ல? அந்தப் புத்தகத்தை நிறுத்திடுங்க. அன்னிக்கே உங்க பில்லுல கையெழுத்துப் போடறேன். முப்பதாம் தேதி வரைக்கும் டைம் இருக்கு."

கூடத்துக்குத் திரும்பாமல் படிக்கட்டு வளைவிலேயே நின்று, எண் கொடுக்கும் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். நெடுநேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் எடுத்தாள். தூங்கி எழுந்த குரல்.

"நம்பர் உங்க பேர்ல இருக்குதும்மா. வேற ஆளுக்கு மாத்தித் தர முடியாது. ஒரு புக்குக்குப் போட்டதை எடுத்து இன்னொண்ணுக்குப் போடவும் முடியாது."

"நான் நாலு பேருக்குப் பிரிச்சுக் குடுத்துட்டேனேம்மா."

"பிரிச்சுக் குடுத்தீங்களா?" குரல் இப்போதுதான் முழுசாக விழித்தது. "அப்ப அந்த நாலு பேரோட புக்கையும் நீங்க பதிப்பிக்கறீங்க. ஏதாவது ஒண்ணுன்னா உங்களைத்தான் கேப்பாங்க. விதிமுறையில ஏழாம் பக்கத்துல இருக்குமே."

"நிறுத்தணும்னா?"

"விலக்கல் படிவம். பதிப்பாளர் கையெழுத்து போதும். எழுதினவங்களைக் கேக்கணும்னுகூட இல்ல."

இந்தக் கடைசி வரிதான் அவளை உலுக்கியது. யாரையும் கேட்க வேண்டாம், அவள் கையெழுத்துப் போட்டால் போதும். மேடையில் கடிகாரம் வாங்கிய சூப்பர்வைசரும் இவளைக் கேட்கவில்லை.

வீட்டில் இரண்டு கட்சி ஆகிவிட்டது.

"கையெழுத்தைப் போட்டுக் குடுத்துட்டு வேலையைப் பாரு" என்றார் கணவர், பெட்டிகளுக்கு இடையில் பக்கவாட்டாக நின்றபடி. "அவருக்காக நீ ஏன் மாட்டிக்கறே? எண்பது புக்கு. ஒரு மாசச் சம்பளம் உள்ள முடங்கிக் கிடக்கு."

"அப்பா, அது அவரோட புக்குப்பா" என்றாள் மகள். "எங்க கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் அதைக் கேக்கறாங்க. முந்நூறு அடிச்சு வச்சிருக்காரு."

"முந்நூறு வீட்டுக் கரண்டுத் திருட்டையும் சேர்த்தே அடிச்சிருக்காரு."

"உனக்கு ஏன்பா இவ்ளோ பதட்டம்?"

"எனக்கென்ன பதட்டம்? நம்ம மீட்டர் நல்லாத்தான் ஓடுது." அவர் சொல்லிவிட்டு ஒருமுறை மீட்டர் இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டார். மகள் சிரித்தாள். கறையக்கா சிரிக்கவில்லை. படிவத்தை அச்செடுத்து வைத்திருந்தாள். நான்கே பத்திதான். மூன்றை நிரப்பிவிட்டாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் நேரே மீட்டர்காரர் வீட்டுக்குப் போனாள். இரண்டு அறை வீடு. புத்தகக் கட்டுகள் கட்டிலுக்கு அடியில், அலமாரி மேல், குளிர்பதனப் பெட்டியின் தலையில். அவர் மனைவி தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, "வந்ததிலிருந்து இதைத்தான் தலைக்கு வச்சுத் தூங்கறாரு, நீயாச்சும் நாலு எடுத்துட்டுப் போம்மா" என்றார்.

கறையக்கா நடந்ததைச் சொன்னாள். ஒளிக்கவில்லை. கையெழுத்துப் போட்டால் போதும் என்பதையும் சொன்னாள்.

மீட்டர்காரர் கட்டிலடியில் நீட்டிக்கொண்டிருந்த கட்டு ஒன்றைக் காலால் உள்ளே தள்ளினார். பிறகு, "நம்பருக்கு நானும் காசு குடுத்தேன் தங்கச்சி" என்றார்.

"குடுத்தீங்க அண்ணே. ஆனா நம்பர் என் பேர்லதான் இருக்காம். எனக்கே நேத்துதான் தெரியும்."

"அறுபத்திரெண்டாம் பக்கம் படிச்சியா?"

"அங்க மாதிரிக்கு வச்சது அறுபத்தொண்ணோட முடிஞ்சு போச்சு."

அவர் தலையணைப் பக்கத்திலிருந்து ஒரு காப்பியை எடுத்து, பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தார். அவள் ஜன்னலோரம் நின்று படித்தாள். கம்பியைப் பார்த்தது தெரிந்ததும் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லையாம். உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாராம். கடும் வெயில். அவர் குடித்தார். குடித்துவிட்டு, மீட்டர் காட்டிய எண்ணையே எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அடுத்த மாதமும் அதே, அதற்கடுத்த மாதமும் அதே. பதினான்கு வருடம் அந்த வாசலில் தண்ணீர் குடித்தேன், அவர் வைத்தது ஒரு கம்பி, நான் எழுதியது நூற்றறுபத்தெட்டு பொய், என்று பக்கம் முடிந்தது.

"இது உங்களைப் பத்தியில்ல எழுதியிருக்கீங்க" என்றாள்.

"பின்னே?" என்றார் எரிச்சலாக. "அவங்க அப்பாவைப் பத்தி எழுத எனக்கு என்ன வேலை?"

"அந்த நீலக் கேட் வேணுமா அண்ணே? வேற கலர் போட்டிருக்கலாமே?"

அவர் கொஞ்சம் அசைந்தார். "அது... நீலம்தானேம்மா இருந்துச்சு."

"மீதி காப்பில அதை மட்டும் மையால அடிச்சிடலாமா? துவைச்சாலும் போகாத மை என்கிட்ட இருக்கு."

"ஒரு வார்த்தையைக் கறுப்பா அடிச்சு வச்சா, வாங்கறவன் எல்லாம் அதைத்தான் முதல்ல கேப்பான். இருக்கறதே தேவலை." உள்ளேயிருந்து அவர் மனைவியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவரும் சிரித்துவிட்டு உடனே நிறுத்தினார். "நீ கையெழுத்துப் போடறதானா போடு தங்கச்சி. எண்பது காப்பின்னா சும்மா இல்ல. நான் உன்னைத் தப்பாச் சொல்லமாட்டேன். பேசவும் மாட்டேன்."

அவள் தேநீரைக் குடிக்காமலே வந்துவிட்டாள்.

இருபத்தெட்டாம் தேதி ஐந்தாம் மாடி ஏறினாள். ஒரு கையில் படிவம், மறு கையில் மீட்டர்காரர் புத்தகம். இரண்டில் எதைக் கொடுப்பது என்று லிஃப்ட் கதவு திறக்கும்வரை அவளுக்குத் தெரியவில்லை.

"முடிச்சிட்டீங்களா?" என்றார் அதிகாரி.

"ஒரு பத்தி பாக்கி சார்." படிவத்தை மேஜையில் வைத்தாள். "நாலாவது. காரணம்னு கேக்குது. புகார்னா யார் குடுத்தாங்க, எந்தப் பக்கம்னு எழுதணுமாம். அங்க என்ன எழுதறது?"

"ஏதாவது எழுதுங்க."

"ஏதாவதுன்னு எப்படி சார்? எதனால ஆன கறைன்னு தெரியாம நான் மருந்து தொடறதில்ல." அவள் சாமர்த்தியம் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. மூன்று நாளாக அந்தப் பத்தியில் என்ன எழுதுவது என்று உண்மையாகவே திண்டாடியிருந்தாள். "உங்க பேரையும் உங்க அப்பா வீட்டையும் எழுதினா, இது வரைக்கும் உங்களுக்கு மட்டும் தெரிஞ்சது எல்லாருக்கும் தெரிஞ்சிடும். எழுதாம விட்டா படிவம் செல்லாது. நான் எதை சார் எழுதட்டும்?"

அதிகாரி படிவத்தைக் கையில் எடுத்தார். நாலாவது பத்தியைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"இன்னொண்ணு சார். கேட்டா கோவிச்சுக்காதீங்க. அறுபத்திரெண்டாம் பக்கம் படிச்சீங்களா?" புத்தகத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள்.

அவர் படித்தார். ஒரு பக்கத்துக்கு வேண்டிய நேரத்துக்கு மேலேயே படித்தார். கறையக்கா ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றாள்.

"சொம்புலதான் குடுப்பார்" என்றார் கடைசியில், திரையைப் பார்த்துக்கொண்டு. "யார் வந்தாலும்." பிறகு குரல் பழையபடி ஆபீஸ் குரலாகிவிட்டது. "நீங்க போங்கம்மா. நான் பார்க்கறேன்."

"படிவம்?"

"எடுத்துட்டுப் போங்க."

"அந்தப் புத்தகம் நிக்கும் சார். அதை நான் நிறுத்தப்போறதில்ல. அதைச் சொல்லாமப் போனா எனக்குத் தூக்கம் வராது."

அவர் அடுத்த கோப்பை எடுத்துக்கொண்டார். பார்க்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று மேட்ரன் அம்மாவைக் கேட்டாள். "பார்க்கறேன்னா பார்க்கறேன்னு அர்த்தம். போய் மெஷினைப் பாரு" என்றார் அவர். அன்றைக்கும் மறுநாளும் அவள் தொட்டதெல்லாம் பிசகியது. வெள்ளைத் துணியோடு பச்சைக் கவுன் ஒன்றைப் போட்டு, ஒரு மெஷின் துணியும் பாசி நிறமாக வந்தது. இருபத்து மூன்று வருடத்தில் அதுதான் முதல்முறை. கூடத்தில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து அதிசயம் மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள்.

முப்பதாம் தேதி மதியம் உத்தரவு வந்தது. நாற்பது காப்பி. எண்பதில் பாதி. விளக்கம் எதுவும் இல்லை.

"பாதி போச்சே" என்றார் கணவர்.

"போகல. நடையில இருக்கு" என்றாள் அவள். இரண்டு பெட்டி குறைந்ததில் அவர் நேராக நடக்க முடிந்தது, அதனால் மேற்கொண்டு பேசவில்லை.

சனிக்கிழமை நூலக மாடியில் கறையக்கா உட்காராமலே சொல்லிவிட்டாள். நம்பர் எல்லாம் என் பேரில், அது என் தப்பு, விதிமுறை படிக்காமல் வாங்கிவிட்டேன். இனிமேல் நான் படித்த பிறகுதான் அச்சுக்குப் போகும். இஷ்டமில்லாதவர்கள் நாடாவைக் கொடுத்துவிட்டுக் காசை வாங்கிக்கொள்ளலாம்.

"கவிதையை நீங்க படிச்சுப் பார்ப்பீங்களா?" முடிதிருத்துகிறவருக்குக் கோபமே வந்துவிட்டது. "அது என்ன கறையா அக்கா?"

"கறையான்னு பார்க்கத்தான் படிக்கணும் தம்பி."

அவர் காசு கேட்டு வாங்கிக்கொண்டு போனார். திங்கட்கிழமை காலை, காசையும் கவிதைகளையும் ஒரே உறையில் போட்டுக்கொண்டு சலவைக்கூட வாசலுக்கு வந்தார். "ஒத்தை நம்பர் விலை பார்த்தேன். எனக்குக் கட்டுப்படியாகாது. படிங்க. ஆனா என் முன்னாடி படிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டார். டீச்சர் தன் கதையை அன்றே கொடுத்திருந்தாள். தபால்காரர் முதல் அத்தியாயத்தை இன்னொருமுறை திருத்திவிட்டுத் தருவதாகச் சொன்னார்.

அந்த நிபந்தனையைக் கேட்டதிலிருந்து மீட்டர்காரர் மூன்று வாரம் கூட்டத்துக்கே வரவில்லை. நாலாவது வாரம் வந்தார். வந்ததும் கயிறு கட்டிய ஒரு கனமான காகிதக் கட்டை அவள் மடியில் வைக்கப் பார்த்தார். அவள் நின்றுகொண்டிருந்ததால் கையில் கொடுத்தார். இரண்டாம் பாகம்.

அதை அவள் வேலைக்குப் போகும் பஸ்ஸில் படித்தாள். இருக்கைகள் காலியாகத்தான் இருந்தன. கம்பியைப் பிடித்துக்கொண்டு, பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு, நின்றபடியே படித்தாள். மூன்றாம் பக்கத்தில் ஒரு தையல்காரி வந்தாள். சந்துக் கடைசி வீடு, மாதக் கடைசியில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் தைப்பவள், கணவன் எங்கே என்று கேட்டால் வெளியூர் என்பவள். கறையக்காவுக்கு அந்தப் பக்கம் பிடித்திருந்தது. பிடித்திருந்ததாலேயே இன்னொருமுறை படித்தாள். பையிலிருந்து போனை எடுத்தாள்.

"அண்ணே, மூணாம் பக்கத்துத் தையல்காரி. உயிரோட இருக்காங்களா?"

"இருக்காளே. போன வாரம்கூட மார்க்கெட்ல பார்த்தேன். ஏன்?"

"அவங்களை எழுதியிருக்கோம்னு அவங்களுக்குத் தெரியுமா?"

அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. அவர் மனைவி ஏதோ கேட்டார். மீட்டர்காரர் தொண்டையைச் செருமினார்.

"தெரியாது."

"போய்ச் சொல்லிட்டு வாங்க. என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு வாங்க. நம்பர் எங்கயும் ஓடிப்போகாது."

"அவ கதவையே திறக்கமாட்டா தங்கச்சி. மீட்டர் பார்க்கப் போனாலே ஜன்னல் வழியாத்தான் பேசுவா."

"அப்ப ஜன்னல் வழியாக் கேளுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, பென்சிலால் மூன்றாம் பக்க ஓரத்தில் ஒரு கோடு போட்டாள். பஸ் குலுங்கியதில் கோடு பக்கத்தைத் தாண்டி அவள் விரலிலும் ஏறியது.

ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்தபோது அவள் ஐந்தாம் பக்கத்தில் இருந்தாள். படிக்கட்டில் ஒரு காலும் சாலையில் ஒரு காலுமாக, அந்தப் பத்தியை முடித்துவிட்டுத்தான் இறங்கினாள்.